ஒரே அளவுப் படகு

(ஞாயிறு மாலை சந்திப்பில் பேசியது. அன்று வர முடியாதவர்களுக்காக எழுதித் தரச் சொன்னார்கள்.)



செக்ரட்டரி சார் ஃபோன் செய்து, "இந்தத் தடவை நீங்கள் பேசுங்கள் சார்" என்றபோது அவர் மனதில் இருந்தது வேறு விஷயம். டெபாசிட் வட்டி, நாமினேஷன், 15எச் படிவம். வங்கியில் முப்பத்தாறு வருடம் கிளார்க்காக இருந்தவனிடம் வேறு எதைக் கேட்பார்கள்? நான், "பாய்மரப் படகுப் பந்தயம் பற்றிப் பேசுகிறேன்" என்றேன். லைனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சரி சார், அரை மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள்" என்றார். முயற்சி செய்கிறேன்.

எனக்கு நீச்சல் தெரியாது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மெரினாவில் கணுக்கால் நனைத்ததோடு என் கடல் அனுபவம் முடிந்தது. பிறகு எப்படி இந்தப் பைத்தியம் பிடித்தது என்றால், என் பெண் மயாமியில் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்ற அடுத்த வருடம் அவளுக்குப் பிரசவம். நானும் மனைவியும் ஆறு மாதம் போய் இருந்தோம். உங்களில் பாதிப் பேர் அந்த ட்யூட்டி பார்த்தவர்கள்தான். மனைவிக்குக் குழந்தை, சமையல் என்று வேலை இருந்தது. எனக்கு நடப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. காலையில் மாப்பிள்ளை ஆபீஸ் போகும் வழியில் என்னைக் கடற்கரை ஓரமாக இறக்கிவிடுவார். அந்த இடத்தின் பெயர் கோகனட் குரோவ், அதாவது தென்னந்தோப்பு. பெயரைக் கேட்டதுமே சொந்த ஊர் மாதிரி ஆகிவிட்டது.

மார்ச் முதல் வாரம் ஒரு நாள் போனால், அங்கே திருவிழாக் கூட்டம். கோரல் ரீஃப் யாட் கிளப் என்று ஒன்று. அதன் வாசலில் டிரெய்லர்களில் வரிசையாகப் படகுகள். எல்லாம் ஒரே மாதிரி. ஒல்லியாக, நீளமாக, அடியில் இரும்புத் துடுப்பு மாதிரி ஒன்று தொங்க, ஒவ்வொன்றாகக் கிரேனில் தூக்கித் தண்ணீரில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். பாயின் உச்சியில் சிவப்பு நட்சத்திரம், அதன் கீழே ஒரு நம்பர். ஒரு படகின் அடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்த மனிதருக்கு என் வயதுதான் இருக்கும். என்ன விசேஷம் என்று கேட்டேன். பக்கார்டி கோப்பை என்றார். 1927-ல் ஹவானாவில் ஆரம்பித்ததாம். கியூபாவில் ஆட்சி மாறிய பிறகு, 1962-ல் இருந்து மயாமியில் நடக்கிறது. நீங்கள் என்ன வேலை பார்த்தீர்கள் என்று அவர் கேட்டார். வங்கி கிளார்க் என்றதும், அப்படியென்றால் எங்கள் மதிப்பெண் தாள் உங்களுக்குப் பிடிக்கும் என்று நோட்டீஸ் போர்டைக் காட்டினார். உண்மையிலேயே பிடித்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அந்தப் படகு வகைக்குப் பெயர் ஸ்டார். நியூயார்க்கில் வில்லியம் கார்ட்னர் என்ற படகு வடிவமைப்பாளரின் அலுவலகத்தில் பிரான்சிஸ் ஸ்வீஸ்கத் என்பவர் வரைந்தது. 1911-ல் முதல் 22 படகுகள் தண்ணீரில் இறங்கின. கிட்டத்தட்ட 6.9 மீட்டர் நீளம். எடை 671 கிலோவுக்குக் குறையக் கூடாது. பழைய மாருதி 800 எடை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 400 கிலோ அடியில் தொங்கும் இரும்பு. அதற்குத்தான் கீல் என்று பெயர். காற்று பாயைத் தள்ளும்போது படகு கவிழாமல் கீழே பிடித்துக்கொள்வது அது. பக்கவாட்டில் வழுக்கிப் போகாமல் பார்த்துக்கொள்வதும் அதுதான். பாய் இரண்டு. இரண்டும் சேர்ந்து 26.5 சதுர மீட்டர், நம் கணக்கில் 285 சதுர அடி. நம் டூ பெட்ரூம் ஃப்ளாட்டின் ஹால் காற்றில் விரிந்து நிற்கிறது என்று கற்பனை செய்யுங்கள். அவ்வளவு பெரிய பாயை அவ்வளவு சின்னப் படகில் ஏற்றி, இரண்டே பேர் ஓட்டுகிறார்கள். சுக்கான் பிடிப்பவர் ஸ்கிப்பர். இன்னொருவர் க்ரூ.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். விஷயம் அந்த "ஒரே மாதிரி" என்பதில் இருக்கிறது.

அந்தக் காலத்தில் படகுப் பந்தயம் என்றால் ஆளுக்கொரு படகு. ஒருவருடையது பெரிது, இன்னொருவருடையது சிறிது. அதனால் நீளம், பாயின் பரப்பு எல்லாம் அளந்து, ஒரு கணக்குப் போட்டு, சின்னப் படகுக்குச் சலுகை நேரம் கொடுப்பார்கள். முதலில் எல்லையைக் கடந்தவர் சாயங்காலம் கணக்குப் போட்டதும் மூன்றாவது ஆகிவிடுவார். நம் ஏ.ஜி.எம்.மில் மெயின்டனன்ஸை சதுர அடிக்கு இவ்வளவு என்று வாங்குவதா, வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்குவதா என்று மூன்று மணி நேரம் பேசினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதே சண்டைதான். யாருக்கும் திருப்தி வராது. பணம் இருப்பவர் கணக்கில் உள்ள ஓட்டையைப் பார்த்து அதற்கேற்ற படகைக் கட்டிக்கொள்வார்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ஒரே வடிவப் படகு. 1887-லேயே டப்ளின் பக்கம் வாட்டர் வாக் என்ற சின்னப் படகில் இதை ஆரம்பித்தார்கள். எல்லோருக்கும் ஒரே படகு, ஒரே பாய், முதலில் வருபவர்தான் முதல். சலுகையும் கிடையாது, சாயங்காலக் கணக்கும் கிடையாது. ஸ்டார் இந்த யோசனையை உலகம் முழுவதும் கொண்டு போனது. பலகையை அதிகம் வளைக்காமல் கட்டக்கூடிய எளிய வடிவம் என்பதால் ஊர் ஊருக்குக் கட்டினார்கள். 1922-ல் அதற்கென்று ஒரு சங்கம். 1932-ல் ஒலிம்பிக். நடுவில் 1976 ஒன்றைத் தவிர, 2012 வரை எல்லா ஒலிம்பிக்கிலும் ஸ்டார் இருந்தது.

எல்லாப் படகும் நூற்றுக்கு நூறு ஒன்றேதான் என்று சொன்னால் அது பொய். இத்தாலியில் ஃபோலி, ஜெர்மனியில் மாடர் என்று கட்டுபவர்கள் பலர். விதி ஒவ்வொரு அளவுக்கும் ஒரு சின்ன வரம்பு கொடுக்கிறது. அந்த வரம்புக்குள் ஒரு மில்லிமீட்டர் ஆதாயம் கிடைக்குமா என்று அறிவாளிகள் நூறு வருடமாகத் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். ஆனால் பாயும் உடம்பும் கீலும் அளந்து சான்றிதழ் வாங்காமல் தண்ணீரில் இறங்க முடியாது. படகை அளந்தால் போதாது, ஆளையும் அளக்கிறார்கள். நான் நேரில் பார்த்தேன். தராசு போட்டு ஜோடி ஜோடியாக நிறுத்துப் பார்த்தார்கள். காற்று பலமாக இருக்கும்போது இரண்டு பேரும் படகுக்கு வெளியே தொங்கி எதிர் எடை கொடுக்க வேண்டும். க்ரூ ஓரத்தில் காலை மாட்டிக்கொண்டு, உடம்பு முழுவதும் வெளியே, முதுகு தண்ணீரை உரச, தலைகீழாகப் பார்த்துக்கொண்டு போவார். எடை அதிகம் என்றால் வேகம் அதிகம். அதனால் 130 கிலோ ஆளைத் தேடிப் பிடித்துக்கொண்டு வரக் கூடாது என்று ஒரு சூத்திரம் வைத்திருக்கிறார்கள். நூறிலிருந்து ஸ்கிப்பரின் எடையைக் கழித்து, ஒன்றரையால் வகுத்து, நூறைக் கூட்டினால் க்ரூவின் உச்ச எடை. ஸ்கிப்பர் 85 கிலோ என்றால் க்ரூ 110 வரை போகலாம். பி.காம். படித்தவனுக்கு இதைவிட இனிப்பான விஷயம் உண்டா? அன்று ஒரு க்ரூ தராசில் ஏறிவிட்டு இறங்கி, ஷூவைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார். உலகம் முழுவதும் மனிதர்கள் ஒரே மாதிரிதான்.

பந்தயம் எப்படி நடக்கிறது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையில் தூரத்தில் ஒரு மிதவை. காற்றை நேர் எதிர்த்து எந்தப் பாய்மரப் படகும் போக முடியாது. ஏறக்குறைய 45 டிகிரி சாய்த்து, கொஞ்ச தூரம் வலது, கொஞ்ச தூரம் இடது என்று மலைப்பாதை மாதிரி வளைந்து வளைந்துதான் ஏற வேண்டும். மேலே மிதவையைச் சுற்றி, காற்றோடு இறங்கி, கீழே இன்னொன்றைச் சுற்றி, மறுபடி ஏற வேண்டும். அறுபது எழுபது படகுகள் ஒரே கோட்டில் ஒரே நேரத்தில் புறப்படும். ஐந்து நிமிடக் கவுண்ட் டவுன். கோட்டுக்குப் பின்னால் எல்லோரும் இடம் பிடிக்க நெருக்குவார்கள். நம் ஊர்ப் பேருந்து நிலையம்தான், ஆனால் பிரேக் இல்லாத பேருந்துகள். துப்பாக்கிச் சத்தத்துக்கு ஒரு விநாடி முன்னால் மூக்கை நீட்டினாலும் திரும்பி வர வேண்டும்.

படகு எல்லாம் ஒன்று என்பதால், பந்தயம் என்பது காற்றைப் படிப்பதுதான். காற்று ஐந்து டிகிரி திரும்பினால், திரும்பிய பக்கம் இருப்பவருக்கு லாபம். முன்னால் போகும் படகின் பாயிலிருந்து வரும் கலங்கிய காற்றில் மாட்டிக்கொண்டால் நஷ்டம். யார் எந்தப் பக்கம் போவது என்பதை முப்பது விநாடிக்கு ஒரு தரம் முடிவு செய்ய வேண்டும். ஒரு வாரம் கழித்து ஸ்கோர் ஷீட்டைப் பார்த்தால், அந்த முடிவுகள் எல்லாம் எண்களாக நிற்கும். முதல் இடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2, நாற்பதாவதுக்கு 40. மொத்தத்தில் யாருக்குக் குறைவோ அவர் வென்றவர். மோசமான ஒரு நாளைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது மோசமான நாளைக் கழிக்க முடியாது. நான் சொன்ன மதிப்பெண் தாள் இதுதான். ஒவ்வொரு நாள் மாலையும் அதைப் போய்ப் படித்தேன். டே புக் டேலி ஆவதைப் பார்க்கிற மாதிரி ஒரு சுகம்.

வீட்டுக்கு வந்து மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் ஸ்டார் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். எத்தனை விதமான ஆட்கள்! 1948 ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கிய அமெரிக்க ஜோடியில் மகன் ஹிலாரி ஸ்மார்ட் ஸ்கிப்பர், அப்பா பால் ஸ்மார்ட் க்ரூ. மகன் சொல்ல, அப்பா கயிறு இழுத்திருக்கிறார். நம் வீட்டில் நடக்குமா? வெள்ளி வாங்கிய கியூபா ஜோடியும் அப்பா மகன்தான், கார்லோஸ் டி கார்டெனாஸ் என்று இருவருக்கும் ஒரே பெயர். பகாமாஸ் நாட்டின் டர்வர்ட் நோல்ஸ் துறைமுகத்தில் பைலட்டாக இருந்தவர். எட்டு ஒலிம்பிக்கில் கலந்துகொண்டு, 1964-ல் சிசில் குக்குடன் தன் நாட்டுக்கு முதல் தங்கம் வாங்கினார். கடைசியாக 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டியபோது வயது 70. நூறு வயது வரை வாழ்ந்து 2018-ல் காலமானார். பில் புக்கன் 1984-ல் ஸ்டாரில் தங்கம் வாங்கியபோது அவருக்கு 49 வயது. அதே ஒலிம்பிக்கில் அவர் மகன் கார்ல் வேறொரு படகு வகையில் தங்கம் வாங்கினார். படகு ஒன்றாக இருந்தால் வயது எவ்வளவு தூரம் பின்னால் போய்விடுகிறது பாருங்கள். சரி, முழங்கால் வலிக்காமல் இருந்தால்.

இவர்களில் என்னை அதிகம் பாதித்தது 2012 ஒலிம்பிக்கின் கடைசிப் பந்தயம். இங்கிலாந்தில் வேமத், ஆகஸ்ட் 5. இயன் பெர்சி ஸ்கிப்பர், ஆண்ட்ரூ சிம்ப்சன் க்ரூ. சிறு வயதிலிருந்தே நண்பர்கள். 2008-ல் சிங்தாவில் தங்கம் வென்ற ஜோடி. சொந்த நாட்டில், சொந்தத் தண்ணீரில் இரண்டாவது தங்கம் கைக்கெட்டும் தூரத்தில். அதுவரை அவர்கள் கணக்கில் 18 புள்ளி. பிரேசிலின் ராபர்ட் ஷெய்ட், புரூனோ பிராடா ஜோடிக்கு 26. சுவீடனின் ஃப்ரெட்ரிக் லூஃப், மாக்ஸ் சால்மினன் ஜோடிக்கு 30. கடைசிப் பந்தயத்தில் முதல் பத்துப் படகு மட்டும்தான் ஓடும், புள்ளி இரட்டிப்பு. அதைக் கழித்துக்கொள்ளவும் முடியாது.

சுவீடன் 12 புள்ளி பின்னால். நான் பேப்பர் பேனா எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சுவீடன் ஜெயித்தால் அவர்களுக்கு 32. பெர்சி ஆறாவதாக வந்தால் 18-உம் 12-உம் 30, சுவீடனை முந்திவிடுவார். ஏழாவதாக வந்தால் 32, சமம். ஆனால் சமம் என்றால் கடைசிப் பந்தயத்தில் முன்னால் வந்தவருக்குத்தான், அதாவது சுவீடனுக்கு. ஆக, சுவீடனை முந்த, பத்துப் படகில் ஆறாவதாக வந்தால் போதும். அந்த வாரம் முழுவதும் அவர்கள் வந்துகொண்டிருந்த இடங்களைப் பார்த்தால் அது ஒன்றும் பெரிய காரியம் இல்லை.

சுவீடன் முதலில் வந்தது. பெர்சியும் சிம்ப்சனும் எட்டாவதாக வந்தார்கள். 18-உம் 16-உம் 34. இரண்டு புள்ளியில் தங்கம் போய் வெள்ளி ஆயிற்று.

எல்லோருக்கும் ஒரே படகு. எல்லோருக்கும் அளந்த பாய். நிறுத்துப் பார்த்த உடம்பு. "அவன் படகு புதுசு, என் படகு பழசு" என்று சொல்ல வழியே இல்லை. காற்றைக் குற்றம் சொல்லலாம்தான். ஆனால் அதே காற்றில்தான் சுவீடன் ஜெயித்தது. இதில் இன்னொன்றும் கவனியுங்கள். நான்கு வருடம் முன்பு, 2008-ல், கடைசிப் பந்தயத்துக்கு முன்னால் முதலிடத்தில் இருந்தவர் இதே லூஃப்தான். அன்று அவர் பத்துப் படகில் கடைசியாக வந்தார். வெண்கலத்தோடு போனார். பெர்சிக்கும் சிம்ப்சனுக்கும் தங்கம் கிடைத்தது அன்றுதான். எந்த முறையீடும் செய்ய இடமில்லாத தோல்வி. அதைத் தூக்கிக்கொண்டு நான்கு வருடம் நடந்து, மறுபடி அதே மாதிரிப் படகில் ஏறி உட்கார்ந்திருக்கிறார் மனிதர்.

அடுத்த மே மாதம், 2013-ல், சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் பயிற்சியின்போது வேறொரு பெரிய படகு கவிழ்ந்ததில் சிம்ப்சன் இறந்துபோனார். வயது 36. பெர்சியும் அதே அணியில்தான் இருந்தார். 2012-க்குப் பிறகு ஸ்டாரும் ஒலிம்பிக்கிலிருந்து எடுக்கப்பட்டுவிட்டது. ஆகவே அந்த எட்டாவது இடம் அப்படியே நின்றுவிட்டது.

இப்போது நான் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

கரையிலிருந்து பார்த்தால் பந்தயம் தெரியாது. வெள்ளைப் புள்ளிகள்தான் தெரியும். மாப்பிள்ளையின் நண்பர் ஒருவரிடம் மோட்டார் படகு இருந்தது. நான் தினமும் புலம்புவதைக் கேட்டு, ஐந்தாம் நாள் என்னை ஏற்றிக்கொண்டு போனார். லைஃப் ஜாக்கெட் போட்டு, கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மேல் மிதவைக்குக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தேன். முன்னணிப் படகுகள் கூட்டமாக வந்து சுற்றிப் போயின. சத்தம், கயிறு இழுக்கும் குரல்கள், பாய் படபடப்பு. பிறகு நடுக் கூட்டம். பிறகு ஒரு இடைவெளி விட்டுத் தனியாக ஒரு படகு வந்தது. அதற்கு முன்னாலும் பக்கத்திலும் யாரும் இல்லை. பின்னால் வருபவர்கள் நூறு மீட்டருக்கு அப்பால். மிதவையை மிக நெருக்கமாகச் சுற்றினார்கள். நான் எதையும் கவனிக்கவில்லை. ஆனால் சுற்றி முடித்துக் கொஞ்ச தூரம் போனதும் அந்தப் படகு திடீரென்று திரும்பி, தன்னைத்தானே ஒரு முழு வட்டம் சுற்றியது. சுற்றிவிட்டுத் தன் வழியில் போயிற்று. அதற்குள் பின்னால் வந்தவர்களில் நான்கு பேர் முன்னால் போய்விட்டார்கள்.

என்ன ஆயிற்று என்று கேட்டேன். மிதவையைத் தொட்டுவிட்டார்கள் என்றார் நண்பர். மிதவையைத் தொடக் கூடாது. தொட்டால் தண்டனை ஒரு முழு வட்டம். இன்னொரு படகுக்கு வழி விடாமல் தப்புச் செய்தால் இரண்டு வட்டம். தண்டனையை யார் கொடுப்பது என்றால், யாரும் கொடுப்பதில்லை. செய்தவரே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இதில் நடுவரே இல்லை என்று நினைக்காதீர்கள். ஒலிம்பிக் கடைசிப் பந்தயத்தில் நடுவர்கள் படகில் கூடவே வருகிறார்கள். உடம்பை ஆட்டி, பாயை விசிறி மாதிரி வீசி வேகம் எடுப்பவர்களைப் பிடிக்க, ரப்பர் படகில் மஞ்சள் கொடியோடு ஆட்கள் சுற்றுவதும் உண்டு. ஒருவர் தப்பை ஒப்புக்கொள்ளாவிட்டால் மற்றவர் சிவப்புக் கொடி காட்டலாம். மாலையில் விசாரணை நடக்கும். மேஜை மேல் பொம்மைப் படகுகளை நகர்த்தி இரண்டு பக்கமும் வாதாடுவார்கள். டிபார்ட்மென்டல் என்கொயரி பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி புதிதாக இருக்காது. ஆனால் அறுபது படகுக்கு அறுபது நடுவர் கிடையாது. கடல் பெரிது. அதனால் அடிப்படை ஏற்பாடு இதுதான்: தப்புச் செய்தால் செய்தவர் தானே வட்டம் போட வேண்டும்.

மறுநாள் காலை அந்தப் படகு துடைக்கும் மனிதரிடம் இதைச் சொன்னேன். நாற்பது பேருக்குப் பின்னால் வரும் ஒருவர், யாரும் பார்க்காதபோது, எதற்காக வட்டம் போட்டு இன்னும் நான்கு இடம் இழக்க வேண்டும் என்று கேட்டேன். அவருக்கு என் கேள்வியே புரியவில்லை. மிதவையைத் தொட்டதாகத்தானே சொன்னீர்கள் என்றார். பிறகு, வேகம் குறையாமல் அந்த வட்டத்தை எப்படிப் போடுவது, எந்தப் பக்கம் முதலில் திருப்ப வேண்டும் என்று கையால் வரைந்து காட்ட ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு அன்று முழுவதும் வேறு நினைப்பு ஓடவில்லை. எண்பதுகளில், நான் வேலை பார்த்த ஒரு கிளையில் நடந்தது. எல்லாம் கையால் எழுதும் லெட்ஜர். சேவிங்ஸ் கவுண்டரில் கூட்டம் நெரிந்த ஒரு மாத முதல் தேதி. ஒருவர் பணம் எடுத்ததை, ஏறக்குறைய அதே பெயருள்ள இன்னொருவர் கணக்கில் எழுதிவிட்டேன். பத்து நாள் கழித்து, அந்த இன்னொருவர் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பிப் போனது. ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர். பெண் கல்யாணத்துக்காகக் கொடுத்த செக். வந்து மேனேஜர் அறையில் நின்று அழுதார். லெட்ஜரை எடுத்துப் பார்த்தால் அந்த வரியில் இனிஷியல் இல்லை. அவசரத்தில் போடவில்லை. அன்று அந்த சீட்டில் நானும், தற்காலிகமாக வந்திருந்த ஒரு பையனும் மாறி மாறி உட்கார்ந்திருந்தோம். மேனேஜர் பையனைக் கூப்பிட்டார். அவன் "நான் எழுதலை சார்" என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை சொல்லவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான். மேனேஜர் என்னைக் கேட்கவே இல்லை. நானும் வாய் திறக்கவில்லை. என் எழுத்து எனக்குத் தெரியாதா? அந்த மாதக் கடைசியில் அவனுக்கு நீட்டிப்புக் கிடைக்கவில்லை.

எனக்கு என்ன ஆகியிருக்கும்? ஒரு மெமோ. அதிகம் போனால் ஒரு இன்கிரிமென்ட் தள்ளிப் போயிருக்கும். நிரந்தர ஊழியன், யூனியன் இருக்கிறது. ஒரு வட்டம் சுற்றிவிட்டுப் போயிருக்கலாம்.

அன்று இரவு மயாமியில், குழந்தை தூங்கிய பிறகு, மனைவியிடம் இதை முதல் தடவையாகச் சொன்னேன். கல்யாணமாகி முப்பது வருடத்துக்கு மேல். அவள் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "ஏங்க, அந்தப் பையன் பேர் ஞாபகம் இருக்கா?" என்று மட்டும் கேட்டாள். இருக்கிறது. ஊருக்குத் திரும்பியதும் பழைய சகாக்கள் நான்கைந்து பேரிடம் விசாரித்தேன். ஒருவர் கோயம்புத்தூர் பக்கம் என்றார், இன்னொருவர் மதுரை என்றார். இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறேன். இப்போது அவருக்கும் அறுபது நெருங்கியிருக்கும். பையன் என்று சொல்வது பழக்க தோஷம்.

செக்ரட்டரி சார் வாட்சைப் பார்க்கிறார். போன வாரம் லிஃப்டில் பி பிளாக் சிறுவர்கள் இரண்டு பேர், இதெல்லாம் இங்கே கற்றுக்கொள்ள முடியுமா தாத்தா என்று கேட்டார்கள். முடியும். சென்னைத் துறைமுகத்தில் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் இருக்கிறது. ஆரம்பித்தது 1911, ஸ்டார் படகு பிறந்த அதே வருடம். சென்னைப் பெண் நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்குக்கும் பாரிஸ் ஒலிம்பிக்குக்கும் போனாரே, அவர் ஓட்டுவதும் ஒரே வடிவப் படகுதான். அது ஒருவர் மட்டும் ஓட்டும் சின்னப் படகு, கீல் கிடையாது. நீச்சல் தெரிந்திருக்க வேண்டும் என்பதைப் பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்த வருடத்து மதிப்பெண் தாளின் ஜெராக்ஸ் ஒன்று கொண்டு வந்திருக்கிறேன். நான் வட்டம் போடப் பார்த்த படகு இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது, பென்சிலால் கோடு போட்டிருக்கிறேன். ஐந்தாம் நாள் கட்டத்தில் 51 என்று இருக்கும். பார்த்துவிட்டு மடிக்காமல் திருப்பிக் கொடுங்கள்.